எவர்சில்வர் கிளிப்

தம்பியின் மூக்கில் ஓட்டை விழுந்து இரண்டு வருடமாகிறது. வெளியே தெரியாது. இரண்டு துவாரங்களுக்கும் நடுவே இருக்கிற சுவரில் ஒரு மிளகு போகிற அளவுக்கு. மூச்சு விட்டால் மெல்லிய விசில் வரும். "எனக்கு மட்டும் பின்னணி இசை இலவசம்" என்று அவன் சிரிப்பான். அக்காவுக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை. மருத்துவ அறிக்கையை வாங்கி வந்தவள் அவள்தான். "அந்த செக்‌ஷனை விட்டு வந்துட்டா தானா மூடிக்குமாம்டா" என்று அன்று அவனிடம் சொன்னாள்.

அந்த ஓட்டையைப் போட்டது குரோமியம். தம்பி மருந்துத் தொழிற்சாலையின் பழைய பிரிவில் ஃபிட்டர். ஒரு மாத்திரையின் மூலப்பொருளிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைப் பிடுங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கு முப்பது வருடமாகக் குரோமிய அமிலத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கி முடித்ததும் மிஞ்சுவது பீப்பாய் பீப்பாயாகப் பச்சைச் சேறு. தொட்டிகளைக் கழுவி, வால்வுகளைக் கழற்றி மாட்டுகிற பதினோரு பேருக்கும் மூக்கில் ஏதாவது ஒரு கோளாறு.

அக்கா அதே தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேதியியலாளர். குரோமியத்தை ஒழித்துக்கட்டுவதென்று ஒற்றைக்காலில் நின்று ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஒரு கண்ணாடிப் பாத்திரம், இரண்டு கார்பன் தண்டுகள், மின்சாரம். அணுவைப் பிடுங்கும் வேலையை மின்சாரமே பார்த்துக்கொள்ளும். சேறும் இல்லை, பீப்பாயும் இல்லை. ஐந்து மாதமாக நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்கு சரக்கு தேறிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இயக்குநர் கையெழுத்துப் போட்டால் பழைய பிரிவுக்குப் பூட்டு. தம்பி தன் கூட்டாளிகள் பத்துப் பேருக்கும் முந்திக்கொண்டு வாக்குக் கொடுத்துவிட்டான். ஒருவர் தன் ரப்பர் பூட்ஸை ஏற்கெனவே தூக்கி எறிந்துவிட்டாராம்.

வியாழக்கிழமை காலை சந்தேகம் வந்தார். ஆய்வகத்தில் அவளோடு வேலை பார்க்கிறவர்; அது அவருடைய பட்டப்பெயர். யார் எந்த முடிவைச் சொன்னாலும் தன் கையால் ஒருமுறை செய்து பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

"மேடம், உங்க முறையை என் மேசையில செஞ்சு பார்த்தேன். மூணு தடவை."

"எவ்வளவு வந்தது?"

"ஒண்ணும் வரலை."

"தொண்ணூறுகூட வரலையா?"

"ஒண்ணுமே வரலை மேடம். போட்டது போட்டபடி கிடக்கு."

 அவளுக்குக் கோபம் வந்தது. தண்டுகளை மாற்றி மாட்டியிருப்பார், கரைப்பானில் ஈரம் இருந்திருக்கும், சமைக்கத் தெரியாதவர் அடுப்பைக் குறை சொல்கிற கதைதான் இது என்று நினைத்தபடி அவருடைய மேசைக்கு விறுவிறுவென்று நடந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அதே பாத்திரம், அதே தண்டுகள், அதே கரைசல். ஒன்றே ஒன்றுதான் வேறு. மின்கம்பியையும் நேர்முனைத் தண்டையும் சேர்த்துப் பிடிக்கிற கிளிப். அவருடையது டைட்டானியம். அவளுடையது எவர்சில்வர், தம்பி தன் கையாலேயே வெட்டி, ராவி, வளைத்துக் கொடுத்தது. தண்டு கொஞ்சம் குட்டை என்பதால் கிளிப்பின் நுனி கரைசலில் முங்கிக்கொண்டிருக்கும்.

"எவர்சில்வர் கரையாது சார். பிறந்ததுலேருந்து அந்தத் தட்டுலதான் சாப்பிடறோம்" என்றாள்.

"தட்டுக்கு நாம கரண்ட் குடுக்கறதில்லையே மேடம்."

எவர்சில்வர் என்ற பெயர் செய்த வேலை அது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று மனதுக்குள் சொல்லியிருந்தால் அதில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியம் என்று எப்போதோ உறைத்திருக்கும். இரண்டும் ஒன்றென்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வீட்டுக்குள் வளர்ந்த சொல்லை யாரும் சோதனைச்சாலையில் வைத்துப் பார்ப்பதில்லை.

சந்தேகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தன் கிளிப்பைக் கழற்றித் துடைத்துத் தராசில் வைத்தாள். எதையும் எடை போட்டுக் குறித்து வைப்பது அவள் பழக்கம். ஐந்து மாதத்துக்கு முன் முதன்முதலில் மாட்டியபோது போட்ட எடை நோட்டில் இருந்தது: பதினான்கு கிராமும் முந்நூறு மில்லிகிராமும். இன்று பதினான்கும் அறுநூறும். குறைந்தால் கரைந்தது எனலாம். கூடியிருக்கிறதே!

"பார்த்தீங்களா, கரையலை" என்றாள். நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சந்தேகம் ஒரு சொட்டுக்குழாயை எடுத்தார். அவளுடைய பாத்திரத்திலிருந்து இரண்டு சொட்டு எடுத்து, குரோமியத்தைக் காட்டிக்கொடுக்கிற மருந்தில் விட்டார். கண்ணை மூடித் திறப்பதற்குள் குழாய் முழுக்க ஊதா.

ஐந்து மாதமாக அந்தக் கரைசல் இளமஞ்சளாகத்தான் இருந்தது. சரக்கின் நிறம் என்று நினைத்திருந்தாள். 'இதமான மஞ்சள்' என்று அறிக்கையில் வேறு எழுதியிருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மின்சாரம் எதையும் பிடுங்கவில்லை. கிளிப்பிலிருந்து இறங்கிய குரோமியம்தான் பிடுங்கியிருக்கிறது. களைத்துப்போன குரோமியத்துக்கு மின்சாரம் திரும்பத் திரும்ப உயிர் கொடுத்திருக்கிறது. யாரை வாசலில் நிறுத்தினோம் என்று ஊருக்கெல்லாம் சொன்னாளோ, அவன் கொல்லைப்பக்கமாக வந்து அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் எடை மட்டும் எப்படிக் கூடும்?

அப்போதுதான் தம்பி வந்தான். ஷிஃப்டுக்கு முன்னால் அவளுடைய இணைப்புகளைச் சரிபார்த்துவிட்டுப் போவது அவன் வழக்கம். கதவைத் திறக்கும் முன்னே விசில் கேட்டது.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"இந்தக் கிளிப் எப்படிடா எடை கூடும்?"

அவன் கிளிப்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு பிடிபட்டவன் போல ஒரு சிரிப்பு. "அது பழசு இல்லக்கா. போன வாரம் போட்டது. இந்தத் தடவை தகடு கொஞ்சம் தடிமனா மாட்டிக்கிச்சு."

"போன வாரமா?"

அவன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசையில் கொட்டினான். ஒன்பது கிளிப்புகள். ஒவ்வொன்றின் நுனியும் எலி கடித்தது போல அரித்துக் கிடந்தது. ஒன்றில் பாதி பல்லே இல்லை.

"ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை தேய்ஞ்சு போயிடும். நீயே ராப்பகலா அல்லாடிட்டு இருக்கே, இதுக்கு வேற உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நானே மாத்திடுவேன். நின்னுபோகாம ஓடிச்சுல்ல?"

ஓடியது. தங்குதடையில்லாமல் ஓடியது. அவன் ஒருமுறை, ஒரே ஒருமுறை சோம்பேறியாக இருந்திருந்தால் முதல் மாதத்திலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் ஊதாக் குழாயைத் தூக்கிக் காட்டினாள். தொட்டி கழுவிய தண்ணீரை அதே மருந்தில் சோதிப்பதை எத்தனையோ தடவை பார்த்தவனுக்கு அந்த நிறத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. அவன் மெதுவாகக் கிளிப்புகளைத் திரும்ப டப்பாவில் போட்டான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டப்பாவை இயக்குநர் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னாள். அவர் ஒரு கிளிப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொத்தமே சில கிராம்தானே கரைஞ்சிருக்கு? அங்கே பீப்பாய் கணக்குல போகுது. இப்படியே ஓட்டிட்டா என்ன?"

அது கெட்ட கேள்வி இல்லை. விடியும்வரை அவளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். "சின்னப் பாத்திரத்துல சில கிராம் சார். தொட்டி பெருசானா அது மூட்டையாயிடும். மஞ்சளா இருக்கிற குரோமியம்தான் மூக்கைத் தின்னுது. குரோமியம் இல்லன்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன். அதை நம்பி முகமூடி போடாம ஒருத்தர் உள்ள இறங்குவார்."

கோப்பு மூடியது. கையெழுத்து இல்லை. டைட்டானியம் கிளிப்போடு முதலிலிருந்து தொடங்கு, ஒரு வருடம் தருகிறேன் என்றார். அந்த ஒரு வருடமும் பழைய பிரிவு ஓடும்.

தம்பி பழைய பிரிவின் வாசலில் முகமூடியின் வாரை இழுத்துக்கொண்டு நின்றான். உள்ளே ஒருவர் ஸ்டோரில் புது பூட்ஸ் கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். ஒரு வருஷமாகும்."

அவன் தலையாட்டினான். "சரி, உள்ள போய் சொல்றேன். திட்டுவாங்க, வாங்கிக்கறேன்."

"இனிமே எனக்காகன்னு எதையும் மறைக்காதே. தேய்ஞ்சா தேய்ஞ்சுதுன்னு சொல்லு."

"சரிக்கா."

அவன் திரும்பினான். விசில் கேட்டது. 

"டேய், நில்லு. டாக்டர் அப்படிச் சொல்லலை. அந்த ஓட்டை மூடாது. எங்க போனாலும் மூடாது."

அவன் முகமூடியை மூக்குக்குக் கீழே இறக்கினான்.

"தெரியும்க்கா. அன்னிக்கே டாக்டர்கிட்ட நானே கேட்டுட்டேன்" என்றான். "நீ அதை நம்பித்தான் ராப்பகலா வேலை செய்யறேன்னு நினைச்சேன். அதான் சொல்லலை."