பிணம் நீட்டிய கை

...இன்னும் வரவில்லையே, கோட்டை வாசல் சண்டை, ஒருவேளை படத்திலிருந்து வெட்டியே விட்டார்களோ, வெட்டியிருந்தால் நல்லதுதான், இல்லை, நல்லதில்லை... பக்கத்தில் மனைவி, அவளுக்கு அப்பால் அத்தை, திரையில் பறக்கும் நாகம். முதல் பாகத்தில் அதன் நிழல் விழுந்ததற்கே அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது, இந்தப் பாகத்தில் முழு உடம்பையும் காட்டுகிறார்கள், பல்லி மாதிரி இருக்கிறது. "போன பாகத்துக்குத் தட்டின கைதட்டலைத் திருப்பிக் குடுங்கடா!" என்கிறான் பின்வரிசையில் ஒருவன், எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரித்துவிட்டேன், பாவம், எத்தனை பேருடைய உழைப்பு, அதில் என் பங்கு செத்துக் கிடப்பது. ஆறு வருடமாகக் கூட்டத்தில் ஒருவன், போர்வீரனாக விழ வேண்டும், அசையாமல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான், அதைக்கூட... அன்று படப்பிடிப்பில் கோட்டை வாசற்படியில் கிடந்தேன், செத்து அரை நிமிடம் ஆகியிருக்கும், அம்பு பட்ட பெரியவர், எங்கள் கூட்டத்திலேயே வயதானவர், மெத்தை போட்ட இடத்தைத் தாண்டிச் சாய்கிறார், தலைக்கு நேர் கீழே கல், என் கை அதற்கு அடியில் போய்விட்டது. "பொணம் எங்கயாவது கை நீட்டுமாய்யா? எந்திரிச்சு வெளிய போ!" ஒலிபெருக்கியில் உதவி இயக்குநர். வெளிச்சம் போய்விட்டதால் அதை மறுபடி எடுக்கவில்லை, அதோடு எனக்கு ஐந்து மாதமாக அழைப்பில்லை. பெரியவரோ, "நல்ல வேளை, மெத்தை மேல விழுந்தேன்" என்றார், நான் திருத்தவில்லை, செய்த நல்லதை நாமே சொல்லிக்கொண்டால் அதில் என்ன மிச்சம்? வீட்டிலும், அசைந்துவிட்டேன், அனுப்பிவிட்டார்கள் என்றதோடு சரி. "உன் வீட்டுக்காரருக்குச் செத்த மாதிரி படுத்திருக்கக்கூட வரலையாடி?" என்று மகளிடம் கேட்டார் அத்தை, என் காதில் விழும்படி, அன்றிலிருந்து ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் அதுதான் எனக்குத் தொட்டுக்கொள்ள...

வந்துவிட்டது, கோட்டை வாசல், நாயகன் வாளைச் சுழற்றி வசனம் பேசுகிறார், கேட்பாரில்லை, மடிக்கு மடி கைபேசி வெளிச்சம், அவர் தோளுக்குப் பின்னால், இடது மூலையில், நான்... கை நீள்கிறது, பெரியவரின் தலை அதில் வந்து அமர்கிறது, இவ்வளவு மெதுவாகவா? "டேய், பின்னாடி பாரு, செத்தவன் கை நீட்டுறான்!" சிரிப்பு கிளம்புகிறது, நான் இருக்கைக்குள் புதைகிறேன், போச்சு, இனி ஊருக்கே தெரியும்... அதே குரல், இப்போது தணிந்து, "இருடா... அந்தப் பெரியவர் தலை கல்லுல அடிபடாம பிடிச்சிருக்கான்டா." எங்கோ ஒரு கை தட்டியது, அப்புறம் பத்து, அப்புறம் அரங்கமே, இரண்டு மணி நேரத்தில் முதல் கைதட்டல், நாயகனுக்கில்லை, நாகத்துக்கில்லை, ஒரு பிணத்துக்கு! மனைவி என் முழங்கையை இறுகப் பிடித்திருக்கிறாள். அத்தை அவளைத் தாண்டி எட்டி என்னையே கேட்கிறார், "மாப்பிள்ளை, அது நிஜக் கல்லா?" ஆமா அத்தை என்றேன். "வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அந்தப் பக்கம் இருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம் திரும்பிவிட்டார், "எங்க மாப்பிள்ளைதாங்க, அந்தப் பொணம்!" ஆண்டவனே, இதைவிட ஒரு பட்டம் எனக்கு வேண்டுமா... ஆனால் சொல்லியிருந்தால் எதைச் சொல்லியிருப்பேன்? நீட்டலாமா வேண்டாமா என்று நான் யோசிக்கவே இல்லையே, உள்ளங்கையில் தலை கனத்த பிறகுதானே என் கை அங்கே இருப்பது எனக்கே தெரிந்தது... அப்படியானால் அதை நீட்டியது யார்?