ராணி தப்பித்த சாக்கடை

1

குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோட்டையில் ஒரு சுரங்கம் உண்டு, எதிரி சூழ்ந்த அன்று ராணி குதிரையில் அதன் வழியாகத்தான் தப்பித்தாள் என்று இருபது வருடத்துக்கு முன் ஒரு நாவலில் எழுதியவன் நான். முழுப்பொய். நாவல்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். [நினைக்கவே இல்லை. புத்தகம் விற்றது, மீசையை முறுக்கிக்கொண்டேன்.] இன்று அது கோட்டை வாசல் பலகையிலும் அலுவலகப் பதிவேட்டிலும் வரலாறாக நிற்கிறது.

2

தொடக்கம் ஒன்று: குளம்பொலி அதிர, இருளைக் கிழித்துக்கொண்டு ராணியின் வெண்குதிரை—

மண்ணாங்கட்டி. சுரங்கம் என்று காட்டுகிற அந்தத் துளையின் அகலம் இரண்டடி. குதிரை எங்கே நுழைவது?

தொடக்கம் இரண்டு: சுரங்கம் எங்கே போய் முடிகிறது என்று காலையிலிருந்து பதினோரு பேர் கேட்டுவிட்டார்கள். கோட்டையைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிக்குக் காது புளித்துவிட்டது. அது கழிவுநீர் போகக் கட்டிய சாக்கடை என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்கும் பார்வையாளர் கழிப்பறைத் தண்ணீர் அதில்தான் போகிறது, மாதம் ஒருமுறை அடைத்துக்கொள்கிறது. அடைப்பெடுக்கும் மிஷின் கேட்டு மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள்.

"ரெக்கார்டுல சுரங்கம்னு இருக்கேம்மா. சுரங்கத்துக்கு எப்படி சாக்கடை மிஷின் அனுப்புறது?" என்றார் மேலாளர்.

அவளுக்கு வயிறு எரிந்தது. [எனக்கும்தான். ஆனால் எரிய எனக்கு என்ன யோக்கியதை?] மிஷின் வராததால் ஆள் இறங்குகிறான். அந்த ஆள் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

3

(இங்கே அவளை அழவைத்துப் பார்த்தேன். அவள் அழுகிற ஆள் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

இன்று தம்பி இடுப்பில் கயிற்றோடு உள்ளே போயிருக்கிறான். மறுமுனை அவள் கையில். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவன் இழுத்துக் காட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு கூட்டம் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர், ராணி இந்த வழியாகத்தானே போனார் என்று கேட்டார்.

"ராணி போகலீங்க. என் தம்பி போயிருக்கான்."

அவர் சிரித்தார். பையிலிருந்து என் நாவலை எடுத்துப் பக்கத்தைப் புரட்டி அவளுக்கே காட்டினார். ஏழு நிமிடம் ஆகியிருந்தது. கயிறு அசையவில்லை.

4

முடிவு அ: சேறும் சிரிப்புமாகத் தம்பி வெளியே வருகிறான். எழுதினால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவீர்கள்.

முடிவு ஆ: தம்பியின்— மாட்டேன். எழுத மாட்டேன்.

ஒரு பொய்யைச் சொல்லி அவனை உள்ளே இறக்கியவன் நான். இன்னொரு பொய்யால் அவனை வெளியே எடுக்க முடியாது. அவள் ஒற்றை ஆளாக இழுக்கிறாள், கயிறு கனக்கிறது. கூட்டத்தில் நீங்களும்தான் நிற்கிறீர்கள், கையில் என் புத்தகத்தோடு. அதைக் கீழே போட்டுவிட்டு வந்து கயிற்றைப் பிடியுங்கள்.