இடது மணிக்கட்டு

கள்ளக்குறிச்சி வாட்ச் கடையில் கிறிஸ்துதாஸின் இரண்டு மணிக்கட்டிலும் வெவ்வேறு கம்பெனி ஸ்மார்ட் வாட்ச், இடதில் கறுப்பு, வலதில் நீலம். நாடித்துடிப்பு கறுப்பில் எண்பத்திரண்டு, நீலத்தில் தொண்ணூற்றாறு.

“நீலத்துல தூக்கம், ரத்த ஆக்சிஜன் எல்லாம் காட்டும் சார். கறுப்புல அதெல்லாம் கம்மி,” என்றார் கடைக்காரர்.

கிறிஸ்துதாஸின் மனைவி உபகாரமேரி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவரது இடது கையைப் பிடித்து, நாடியில் விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் எண்ணினாள். ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக் கொடுத்தது.

“எண்பத்தி மூணு. கறுப்பையே குடுங்க. பொய் சொல்ற வாட்ச்சு நமக்கு இன்னாத்துக்கு?”

கிறிஸ்துதாஸுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

கச்சிராயபாளையத்தில் அவர்கள் வீட்டில் சாயங்கால ஜெபத்தின்போது கைகோத்துக்கொள்வது வழக்கம். போன மாதம் அப்படி அவரது இடது கையைக் கோத்திருந்தவள் பாதி ஜெபத்தில் கண்ணைத் திறந்துவிட்டாள்.

“இன்னாங்க, நாடி இப்பிடி படபடன்னு அடிச்சிக்கினு இருக்குது?”

வெறும் களைப்பு என்று அவர் மழுப்பினார். அவள் ஆமென்கூடச் சொல்லாமல் ஆட்டோவைக் கூப்பிட்டாள். இதயக் கோளாறு, இன்னும் அரைமணி போயிருந்தால் கஷ்டம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அன்றிலிருந்து கடவுளுக்கு நன்றி சொல்லக் கண்ணை மூடினால் அவருக்கு அவள் முகம்தான் முதலில் வருகிறது.

கடைக்காரர் இரண்டையும் கழற்றிவிட்டு, கறுப்பு வாட்ச்சை மறுபடி இடது கையில் கட்ட வந்தார்.

கிறிஸ்துதாஸ் வலது கையை நீட்டினார்.

“இதுல கட்டுங்க. அந்தக் கைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு.”