ஏழாங்கட்டை

1985ஆம் ஆண்டு மார்ச் மாதம், மூணுகல் தோட்டத்திலிருந்து சுங்கை சிப்புட் டவுனுக்குப் போகும் சாலை, அதுவரை நாலு கட்டையாக இருந்தது, ஐந்து கட்டை ஆனது. அதே வாரம் ரப்பர் விலை கிலோவுக்கு ஆறு காசு இறங்கியது. நெத்திலி ஏறியது. யாரும் ஆள் வைத்துத் தார் போடவில்லை, மண் வெட்டவில்லை. இரண்டாங்கட்டைக்கும் மூன்றாங்கட்டைக்கும் நடுவில் ஒரு மைல்கல் தரையிலிருந்து முளைத்தது. முதல் நாள் கணுக்கால் உயரம், மறுநாள் முழங்கால் உயரம். மூன்றாம் நாள் அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பும் எண்ணும் தானாக வந்துவிட்டன. பக்கத்திலிருந்த பழைய கல் தன் எண்ணை மூன்றிலிருந்து நான்காக மாற்றிக்கொண்டது. மைலுக்கு எங்கள் பக்கம் கட்டை என்றுதான் பேர். அரசாங்கம் கிலோமீட்டருக்கு மாறிய பிறகும் நாங்கள் மாறவில்லை, கல்லும் மாறவில்லை.

சாலை நீண்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. முந்தைய வருடம்தான் அதை ஒரு கம்பெனியின் கையில் நாலு வருட ஒப்பந்தத்தில் கொடுத்திருந்தார்கள். சாலைக்கு அரசாங்கம் செலவழித்தால் வரி ஏறும், வரி ஏறினால் தொழில் படுத்துவிடும், ஆகவே அரசாங்கம் ஒதுங்கிக்கொள்வதே ஏழைகளுக்கு நல்லது என்று தோட்டத்துத் திடலில் மேடை போட்டு விளக்கியவர் பழனியப்பன். தோட்டத்து ஆபீஸில் தலைமைக் கணக்கராக இருந்த பழைய பெரிய கிராணியாரின் மகன். லண்டனில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்து கம்பெனிக்கு ஆலோசகராக இருந்தார். நல்ல மனிதர். தான் சொல்வதைத் தானே முழுதாக நம்பினார் என்பதைத் தவிர அவரிடம் வேறு குறை இல்லை. இரக்க சுபாவம் உள்ளவர் என்பதால் ஒப்பந்தத்தில் ஒரு விதியை வற்புறுத்திச் சேர்த்தார்: ஆளுக்குக் கட்டைக்குப் பத்துக் காசு டோல், நாலு வருடத்துக்கு அதில் ஒரு காசுகூட ஏற்றக் கூடாது. கம்பெனி வாக்குத் தவறவில்லை. பத்துக் காசு பத்துக் காசாகவே இருந்தது. சாலைதான் நீண்டது.

ஆகஸ்டில் எட்டு கட்டை, தீபாவளிக்குப் பத்து, 1986 பிறந்தபோது பதினான்கு, அதோடு நின்றது. ஜனங்கள் மனு எழுதினார்கள். அதிகாரிகள் ஜீப்பில் வந்து அளந்தார்கள். நாலு கட்டைதான் இருந்தது. கம்பெனி மேனேஜரின் வோல்வோவும் நாலு கட்டைதான் காட்டியது. காசு கொடுத்துப் பழக்கமில்லாத தோட்டத்து மக்களுக்குத் தூரம் மனத்தில் கூடித் தெரிகிறது என்று அறிக்கை எழுதி, முத்திரை குத்தி, கோப்பை மூடினார்கள். டவுன் முனையில் டோல் வாங்கிக்கொண்டு கம்பைத் தூக்கிவிடும் அப்பாவு என்பவருக்கு மட்டும் விஷயம் பிடிபட்டிருந்தது. முன்பு அவர் தோட்டத்தில் காவல்காரர். ஒருநாள் பீடியை அணைத்துவிட்டு சாதாரணமாகச் சொன்னார்: "காசு குடுக்கறவனுக்குத்தான்லா ரோடு நீளுது. இவங்கல்லாம் பாஸ் வெச்சு ஓசியில போற ஆளுங்க. அவங்களுக்கு எப்பவும் நாலு கட்டைதான்."

இந்தச் சாலையால் அதிகம் அடிபட்டவள் நவமணி. கணவன் ஜெயபாலனுக்கு மூணுகல்லில் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலை. அவளுக்கு கமுந்திங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலை வேன் விடிகாலையில் டவுனுக்கு வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகும். நாலு கட்டையாக இருந்தவரை சைக்கிளில் போய் வேன் பிடித்துச் சாயங்காலம் வீடு திரும்பினாள். பதினான்கு கட்டையை எந்தச் சைக்கிளும் தாங்காது. டவுனில் வாடகைக்குப் போக வழியில்லை. தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயன் வீட்டை விட்டால் ஜெயபாலனுக்கு வேலையும் போகும். அதனால் அவள் தொழிற்சாலை ஹாஸ்டலில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தாள். அவர்களுடைய மகள் பாப்பாவுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நவமணி வாசலில் செருப்பைக் கழற்றியபோது, பாப்பா நாற்காலியைத் துடைத்து, "உக்காருங்க அக்கா, அப்பா வந்துருவாரு" என்றாள். மரியாதையான பிள்ளை. நவமணி உட்கார்ந்தாள், பிள்ளை கொண்டுவந்த தண்ணீரையும் குடித்தாள், பிறகு வெகுநேரம் அழுதாள்.

மறுவாரம் அவள் வீட்டுக்கும் வரவில்லை, ஹாஸ்டலுக்கும் திரும்பவில்லை. ஏழாங்கட்டைக் கல்லின்மேல் துணி மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஜெயபாலன் இரவல் மோட்டார்சைக்கிளில் தேடி வந்தான். "இங்கேர்ந்து ஒனக்கும் ஏழு, எனக்கும் ஏழு," என்றாள். "வீட்ட இங்க கட்டு. புள்ள என்னை அக்காங்குது." அவன் சுற்றிப் பார்த்தான். சாலை நீண்டபோது அதன் இரு பக்கமும் நிலமும் சேர்ந்தே வளர்ந்திருந்தது: லாலாங் புல், நாலைந்து காட்டு வாழை, ஓர் ஓடை. எந்த வரைபடத்திலும் இல்லாத நிலம் என்பதால் பட்டா இல்லை, வாடகை கேட்க ஆள் இல்லை. ஜெயபாலன் பலகையும் தகரமும் கொண்டுவந்து ஒன்பது நாளில் வீடு கட்டினான். லயன் வீட்டுக்குப் பெயருக்கு ஒரு பூட்டுப் போட்டான். பத்தாம் நாள் பாப்பா அவளை அம்மா என்றாள்.

ஆறு மாதத்தில் அங்கே முப்பத்திரண்டு வீடுகள் வந்துவிட்டன. டவுனில் லைசென்ஸ் கிடைக்காமல் அலைந்த ஷரபுதீன், மனைவி சக்கீனாவோடு வந்து டீக்கடை போட்டார். இடம் இல்லாத இடம் என்பதால் மதிப்பீட்டு வரி இல்லை, சோதனை இல்லை, படிவம் இல்லை. பழனியப்பன் ஒருநாள் இலவச பாஸை வீட்டில் மறந்துவிட்டு வந்து, அப்பாவுவிடம் பதினான்கு கட்டைக்கும் காசு கொடுத்ததால், வாழ்க்கையில் முதல்தடவையாக ஏழாங்கட்டைக்கு வந்து சேர்ந்தார். காரை நிறுத்தி இறங்கியவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வரி இல்ல, லைசென்ஸ் இல்ல, ஆபீசர் இல்ல. இதத்தான் நான் புத்தகத்துல படிச்சேன்," என்றார்.

"கக்கூஸும் இல்ல சார்," என்றார் ஷரபுதீன். "அவசரம்னா ஓடைப் பக்கம் போங்க."

அவரவர் இஷ்டம்போல ஓடைப் பக்கம் போனார்கள். சிலர் மேல்புறமாகப் போனார்கள், சிலர் கீழ்ப்புறமாக. தடுக்க ஒரு விதியும் கிடையாது. மழைக்காலத்தில் பாப்பாவுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. பதினோரு நாள் டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்து, பாதி உடம்போடு திரும்பினாள். அன்று மாலையே நவமணி வீடுவீடாகப் போனாள். ஓடைக்கு மேல்புறம் யாரும் ஒதுங்கக் கூடாது, கிணறு வெட்டி உறை இறக்க வேண்டும், வீட்டுக்கு மாதம் இரண்டு வெள்ளி பணம் தர வேண்டும் என்றாள். அந்த வாரம் ஷரபுதீன் கடையில் விருந்தாளியாகத் தங்கியிருந்த பழனியப்பன் பதறிப்போனார். "நவமணி, இது வரி. அதோட ஒழுங்குமுறைச் சட்டம்."

"பேரு என்னமோ இருக்கட்டும் அண்ணே. நீங்களும் ஒரு வாரமா போறீங்க. ரெண்டு வெள்ளி வெச்சுட்டுப் பேசுங்க."

அவர் வைத்தார். விருப்ப நன்கொடை என்று தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

1988ல் ஒப்பந்தம் முடிந்தது. ஜனங்களின் நீண்டநாள் கோரிக்கையை ஏற்று டோல் ரத்தானது. தோட்டத்தில் பட்டாசு வெடித்தார்கள். அன்று சாயங்காலம் நவமணி வேனிலிருந்து இறங்கிச் சைக்கிளை மிதித்தாள். முதலாங்கட்டை, இரண்டாங்கட்டை, அடுத்த கல்லில் மூன்று என்று போட்டிருந்தது. அதற்கப்பால் நாலு. அதற்கப்பால் தோட்டம். அவள் திரும்பி வந்தாள், மறுபடி போனாள். மூன்றாங்கட்டை பழைய இடத்தில், பாசி பிடித்து, ஒன்றும் நடக்காததுபோல நின்றது. ஷரபுதீன் கடை இல்லை, கிணறு இல்லை, வீடு இல்லை. காலையில் சக்கீனாவிடம் விட்டுவந்த பிள்ளை எங்கேயென்று கேட்கவும் அங்கே ஆள் இல்லை. நவமணி சைக்கிளைத் திருப்பி டவுன் முனைக்கே மிதித்தாள்.

டவுன் முனையில் அப்பாவு கழற்றிப் போட்ட கம்பின்மேல் உட்கார்ந்திருந்தார். வேலை போயிருந்தது. நவமணி சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு எழுபது காசை நீட்டினாள்.

"அண்ணே, டோல் எடுங்க."

"டோல்தான் இன்னையோட இல்லையே தங்கச்சி. ஃப்ரீயாப் போலாம், போ."

"ஃப்ரீயாப் போனா தோட்டம்தான்ணே வருது. எனக்கு வீட்டுக்குப் போகணும். புள்ள அங்க இருக்கு. எடுங்கண்ணே."

அப்பாவு அவள் முகத்தைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் கை தானாக நீண்டது. எழுபது காசு அதில் விழுந்தவுடன் இரண்டாங்கட்டைக்கு அப்பால் சாலை சோம்பல் முறித்து நீண்டது. மூன்று, நாலு, ஐந்து என்று கற்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. நவமணி மூச்சு வாங்க மிதித்தாள். ஏழாங்கட்டையில் பாப்பா ஷரபுதீன் கடை பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். "ஏம்மா லேட்டு?" என்று மட்டும் கேட்டாள்.

அதிலிருந்து அப்பாவு அதே இடத்தில் ஒரு மைலோ டின்னோடு உட்காருகிறார். தோட்ட முனையில் ஜெயபாலன் இன்னொரு டின் கட்டியிருக்கிறான். போடாதவர்களுக்கு நாலு கட்டை. அவர்கள் வேகமாகப் போய்ச் சேர்கிறார்கள், வழியில் எதையும் பார்ப்பதில்லை. போடுகிறவர்களுக்கு ஏழாங்கட்டை இருக்கிறது. டின் பணத்தில் ஓடைக்குப் பாலமும், வாய்க்காலும், நாலு விளக்குக் கம்பமும் வந்துவிட்டன. பழனியப்பன் ஈப்போவில் இதைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசியதாகவும், வரி என்ற சொல்லை ஒருதடவைகூட வாயில் எடுக்காமல் முக்கால் மணி நேரம் சமாளித்ததாகவும் கேள்வி.

1989 ஜனவரியில் பாப்பாவை டவுன் தமிழ்ப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்த்தார்கள். பதிவு செய்த ஆசிரியை விலாசத்தைக் கேட்டுவிட்டு, சுவரில் இருந்த மாவட்ட வரைபடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"மூணுகல் ரோட்டுல நாலு கட்டைதானே இருக்கு? ஏழாங்கட்டைன்னு ஒரு எடம் இல்லையேம்மா."

"காசு போட்டா இருக்கு டீச்சர்," என்றாள் பாப்பா.

ஆசிரியை பேனாவை எடுத்து, ஏழாங்கட்டை என்று எழுதிக்கொண்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.