பச்சைதான், அக்கா

1

இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் சொன்னால் மிச்சத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள்.

நான் ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்ப்பவள். சமைக்காத உணவைப் பற்றிய ஒரு புத்தகம் மேசைக்கு வந்தது. பால், முட்டை, மாமிசம் கிடையாது. அடுப்பும் கிடையாது. பழம், பச்சைக் காய்கறி, ஊறவைத்த கொட்டைகள், முளைவிட்ட பயறு, அவ்வளவுதான். எழுபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்: 'நெருப்பைத் தொடாத உணவை உண்பவரை நோய் தொடாது.' கடைசிச் சொல் 'தோடாது' என்றிருந்தது. திருத்தினேன். வாக்கியம் பொய்யா மெய்யா என்பது என் கவலை இல்லை. கொம்பு ஒற்றையா இரட்டையா என்பதுதான் என் கவலை.

அந்தத் தாள்களை அக்கா வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தேன்.

(முதல் வரைவில் 'வேண்டுமென்றே வைத்துவிட்டு' என்று எழுதி அடித்தேன். 'மறந்து' என்பதும் முழு உண்மை இல்லை.)

2

'அக்கா ஒரு மலரைப் போல...' என்று தொடங்கினேன். வேண்டாம். அக்கா தையல்காரி. புதுப் பேண்ட்டுகளின் நீளத்தைக் குறைத்துக் கொடுப்பாள். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே தெருவின் அத்தனை வம்பையும் பேசி முடிப்பாள்.

அத்தான் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சமைப்பவர். அதிகம் பேசமாட்டார். யார் மீதாவது பிரியம் வந்தால் தட்டில் இன்னொரு கரண்டி விழும்.

அக்காவின் வயிற்றில் கட்டி. இரண்டு அறுவை சிகிச்சை, எட்டு மாதம் மருந்து. பிறகு டாக்டர் எங்களை உட்காரவைத்து, "இனிமே மருந்தை அவங்க உடம்பு தாங்காது. பிடிச்சதைச் சாப்பிடட்டும்" என்றார். அத்தான் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தனக்குச் செய்யத் தெரிந்த ஒரே காரியம் அவர் கைக்கு வந்திருந்தது. திங்கள் முதல் ஞாயிறு வரை என்னென்ன சமைப்பது என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

மறுநாள் அக்கா என் புரூஃப் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "என்னங்க, இனிமே எனக்காக அடுப்பு மூட்டாதீங்க."

அத்தான் முகத்தை இங்கே வர்ணிக்க வேண்டும். மூன்று முறை முயன்றேன். அவர் ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளை, கிழியாமல், நகத்தால் மெதுவாக உரித்தெடுத்தார். இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

3

முதல் பத்து நாள் நன்றாகத்தான் போனது. அத்தான் வெள்ளரிக்காயைக் கண்ணாடி மாதிரி சீவக் கற்றுக்கொண்டார். ஊறிய பயறை ஈரத்துணியில் கட்டி, முளைவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேன்டீனிலிருந்து வந்ததும் கொல்லைப்புறத்திலேயே குளித்து, தாளித்த வாசனை போன பிறகுதான் உள்ளே வருவார்.

அக்காவுக்குக் குஷி. "மாட்டுக்காச்சும் அசைபோட்டு முடிச்சா ஓய்வு இருக்கு. எனக்கு மெல்லவே பொழுது போயிடுதுடி" என்பாள். மூன்று பேரும் சிரிப்போம். தையல் மெஷினில் கூட ஒருநாள் உட்கார்ந்தாள்.

(வாசகருக்கு: இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட ஆசையாக இருந்தது.)

இருபதாம் நாள் தாண்டியதும் எதுவும் உள்ளே தங்கவில்லை. வயிறு உப்பியது, வலித்தது. மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருக்கும் ஆறடியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்த நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்லா வேகவச்சு, குழைச்சுக் கொடுங்க. பச்சையா இந்தக் குடலுக்குச் செரிக்காது. வலியாவது குறையும்" என்றார்.

அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். "புக்குல போட்டிருக்கறது தப்புக்கா. நான் அதுல எழுத்துப்பிழை மட்டும்தான் பார்த்தேன்."

"எனக்குத் தெரியாதா?" என்றாள். "படிச்ச அன்னிக்கே தெரியும். பொழைச்சுடுவேன்னா இதைச் செய்யறேன்? ஊசி நீங்க போடறீங்க, ஸ்கேன் நீங்க எடுக்கறீங்க, குளிப்பாட்டறதும் நீங்கதான். இந்த உடம்புக்கு நானா செய்யறது இது ஒண்ணுதான்டி. இதையும் வாங்கிக்காதீங்க."

4

அத்தானிடம் அதை அப்படியே சொன்னேன். தலையாட்டினார். இருபத்தாறாம் நாள் கேன்டீனிலிருந்து ஒரு பாட்டில் கொண்டு வந்தார். கேரட்டைக் குழைய வேகவைத்து, அரைத்து, இரண்டு முறை வடிகட்டி, ஐஸில் வைத்துக் குளிரவைத்திருந்தார். பச்சைக் கேரட்டின் சாறு மாதிரியே இருந்தது. டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்.

அக்கா ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள்.

"இனிப்பா இருக்கே இன்னிக்கு." அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "பச்சைதானேடி?"

"பச்சைதான், அக்கா."

மீதியைக் குடித்தாள். பிறகு டம்ளரை அத்தானிடம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றாள். பல நாட்களுக்குப் பிறகு அவளாகக் கேட்ட இரண்டாவது டம்ளர் அது.

அத்தான் தினமும் கொண்டு வந்தார். அக்கா அதற்குப் பிறகு ஒருநாளும் 'பச்சைதானே' என்று கேட்கவில்லை. வலி கொஞ்சம் அடங்கியது. பதினாறு நாள் கழித்து, மழை பெய்த ஒரு மத்தியானத்தில், தூக்கத்திலேயே போய்விட்டாள்.

5

இந்தக் கதையை எழுதுகிறேன் என்று அத்தானிடம் சொன்னபோது "எழுதறதுன்னா ஒண்ணு சேர்த்துக்கோம்மா. அவ தெரிஞ்சேதான் குடிச்சான்னு எழுது. இல்லேன்னா நான் ஏமாத்தினவனாயிடுவேன்" என்றார்.

அப்படியே எழுதினேன். அந்த முடிவில் அக்கா லேசாகச் சிரிக்கிறாள்.

நாலு நாள் கழித்து ஃபோன் செய்தார். "வேண்டாம்மா. தெரியாமலேயே போனான்னு எழுது. தெரிஞ்சிருந்தா, அவளோடதுன்னு இருந்த அந்த ஒண்ணையும் எனக்காக விட்டுட்டான்னு ஆயிடும். என்னால அதைத் தாங்க முடியாது." அழுதார். அவர் அழுது அன்றுதான் முதல்முறை கேட்கிறேன்.

அதையும் எழுதினேன். அதில் அக்கா சிரிக்கவில்லை, குடிக்கிறாள், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால்? அவள் என்னிடம் கேட்டபோது நான் அவள் கண்ணைப் பார்க்கவில்லை, டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருந்தால் இன்று...

இந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் கதையைக் கேட்க வருகிறார். அக்கா ஒரு வாய் குடிக்கும் இடம்வரை படித்துக் காட்டிவிட்டு, மடித்து வைத்துவிடுவேன். இரண்டு முடிவையும் கிழித்துவிட்டேன். அக்கா ________ குடித்தாள். அந்த ஒரு சொல்லை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் சரி, அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.