பெட்டியில் வைத்த ஆணி

என் கணவர் பேசில் அந்தப் பெட்டியைக் கிள்ளானிலிருந்து ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து வாசலில் இறக்கியபோது எனக்கு வந்த கோபத்துக்கு, அதைத் தூக்கிப் போய்ச் சாக்கடையில் போட்டிருப்பேன். ஏழு மாத வயிற்றோடு தூக்க முடியவில்லை. அதனால் தப்பித்தது.

பார்க்கத் துணிப்பெட்டி மாதிரிதான் இருந்தது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, பக்கவாட்டில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, உள்ளே முட்டை வைக்க ஒரு தட்டு. சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போனாராம். கோழி அடைகாக்காமலே இருபத்தொரு நாளில் குஞ்சு வருமாம்.

"தாயில்லாம எப்படிங்க வரும்?" என்று கேட்டேன்.

"சூடு இருந்தா போதும் உர்சுலா. தாய் எதுக்கு?"

பேசில் ரயில்வே ஸ்டோரில் கிளார்க். எது புத்தகத்தில் அச்சாகியிருந்தாலும் அவருக்குச் சரி. 'தாய் எதுக்கு' என்றதை அவர் யோசித்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சுருக்கென்று தைத்தது.

எங்கள் மகள் சூசன் காய்ச்சலில் போய் அப்போது மூன்று மாதம். ஆறு வயதுப் பிள்ளை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்பக்கம் நாங்கள் வளர்த்த கோழிகள் எல்லாம் அவளுடையவை. மத்தியானம் மடி நிறைய நொய்யரிசி அள்ளிக்கொண்டு போய் நிற்பாள். "பக்கூ... பக்கூ... வா" என்று கூப்பிடுவாள். அந்தக் கடைசி 'வா'வை மட்டும் பாட்டு மாதிரி இழுப்பாள். எங்கிருந்தாலும் கோழிகள் ஓடி வரும்.

அவள் போன பிறகு, பெட்டி வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், கோழிகளுக்கும் சீக்கு வந்தது. ஒரே வாரத்தில் அத்தனையும் தலை சாய்ந்தன. கடைசியாகச் செத்தது அவள் குஞ்சிலிருந்து கையில் வைத்து வளர்த்த வெள்ளைக்கோழி. அது கூடையில் பதினொரு முட்டைகளை விட்டுவிட்டுப் போனது. அந்த முட்டைகளுக்காகத்தான் பேசில் பெட்டி தேடி அலைந்திருக்கிறார். சூசனுடைய கோழியின் குஞ்சு ஒன்றாவது வீட்டில் ஓடினால் நான் பழையபடி எழுந்து நடமாடுவேன் என்று அவருக்கு நினைப்பு. எனக்குக் குஞ்சு வேண்டியிருக்கவில்லை. என் பிள்ளைதான் வேண்டும்.

பெட்டியைச் சூசன் படுத்திருந்த பின்னறையில் வைத்தார். அவளைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து நான் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை.

பக்கத்து வீட்டு மாரியாயி அக்காவின் புருஷனுக்குத் தண்டவாள வேலை. அக்கா ஒரு துருப்பிடித்த தண்டவாள ஆணியோடு வந்தாள்.

"அடை வைக்கிற எடத்துல இரும்பு இருக்கணும் தங்கச்சி. இல்லாட்டி இடி இடிச்சா உள்ள இருக்குற உசுரு கலங்கிப் போயிரும்."

"கோழிக்குச் சரி. பெட்டிக்குமா அக்கா?"

"எதுல வச்சா என்ன, முட்டை முட்டைதான லா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இடி மட்டுமில்ல. சாவு விழுந்த வீடு. இரும்பு இருக்குற பொருளுகிட்ட போனவங்க வரமாட்டாங்க."

நாங்கள் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை காணும் வேதக்காரர்கள்தான். ஆனால் எங்களில் யார் இரும்பு போடாமல் அடை வைத்திருக்கிறார்கள்? சரி என்றேன். அக்காவே உள்ளே போய் முட்டைகளுக்கு நடுவில் ஆணியை வைத்துவிட்டு வந்தாள்.

பேசில் ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் வட்டமும் மறுபக்கம் பெருக்கல் குறியும் போட்டார். ஒரு நாளைக்கு மூன்று தடவை திருப்பி வைக்க வேண்டும். காலையும் மாலையும் அவர் பார்த்துக்கொள்வார், மத்தியானம் நான். தலையை ஆட்டினேன். ஒரு நாள்கூடத் திருப்பவில்லை. நாலாம் நாள் சாயங்காலம் அவர் முறைத்துக்கொண்டே வந்தார்.

"நான் வச்சபடியே கிடக்கு. நீ தொடவே இல்ல. அந்த ஆணி வேற தெர்மாமீட்டர்ல இடிக்குது, எடுத்து வெளிய வச்சிட்டேன்."

"நல்லது" என்று மட்டும் சொன்னேன். எனக்கு அவரோடு சண்டை போடக்கூட மனசில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "வட்டமெல்லாம் மேல வந்திருச்சே. இன்னிக்கு ஒழுங்கா திருப்பியிருக்க."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதையே சொன்னார். மாரியாயி அக்கா புகுந்து விளையாடுகிறாளோ என்று அவளிடம் கேட்டேன். "நீ சமையக்கட்டுல இருக்கறப்ப நான் எதுக்கு உள்ள வரேன்?" என்று கோபித்துக்கொண்டாள்.

அதற்கு மறுநாள் மத்தியானம் முன்கதவையும் பின்கதவையும் தாழ் போட்டுவிட்டு, பின்னறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். ரயில்வே சங்கு ஊதியது. அது அடங்கியதும் உள்ளே முட்டை உருளும் சத்தம் கேட்டது. மெதுவாக, ஒன்று முடிந்து ஒன்று. எண்ணினேன். பதினொன்று.

எனக்குப் பயம் வரவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் பசித்தது. எழுந்து போய் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். அதன் பிறகு தினமும் சங்கு ஊதுவதற்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். உள்ளே போகவில்லை. கதவைத் திறந்தால் சூசன் போய்விடுவாளோ என்றுதான்.

பதினெட்டாம் நாளோடு திருப்புவதை நிறுத்த வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம். சத்தமும் அன்றோடு நின்றது. நான் மட்டும் வழக்கம்போலப் போய் உட்கார்ந்திருந்தேன்.

இருபதாம் நாள் மத்தியானம் வானம் கறுத்து மழை பிடித்தது. பின்னறைக்குள்ளிருந்து கீச்சுக் குரல்கள் கேட்டன. பொரிக்க இன்னும் ஒரு நாள் இருந்தது, அதற்குள் குரல் வந்துவிட்டது. பொறுக்க முடியாமல் கதவைத் திறந்து உள்ளே போனேன். கண்ணாடிக்குப் பின்னால் முட்டைகள் தாமாகவே அசைந்துகொண்டிருந்தன. பேசில் எடுத்து வைத்த ஆணி ஜன்னல் விளிம்பில் கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. ஆணி உள்ளே இருந்த நாலு நாளும் மத்தியானத்தில் முட்டைகளை யாரும் தொடவில்லை. அதை எடுத்த மறுநாளிலிருந்து அவள் வந்திருக்கிறாள்.

தூரத்தில் இடி உருண்டது. ஆணியை எடுத்துக்கொண்டு பெட்டியின் கதவைத் திறந்தேன். அப்போது என் முதுகுக்குப் பின்னால், அவள் பாய் விரித்திருந்த மூலையிலிருந்து கேட்டது.

"பக்கூ... பக்கூ... வா."

முட்டைகள் ஒரு நொடி அடங்கின. பிறகு பதினொன்றும் ஒன்றாகச் சேர்ந்து பதில் குரல் கொடுத்தன.

ஆணியை உள்ளே வைத்தால் குஞ்சுகள் பிழைக்கும், அவள் போய்விடுவாள். வைக்காவிட்டால் இருப்பாள். எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. யோசிக்கவே இல்லை. ஜன்னல் வழியாக ஆணியைச் சாக்கடையில் எறிந்தேன். அந்த நிமிஷமே வீடு அதிர இடி விழுந்தது. கீச்சுச் சத்தம் பட்டென்று நின்றது.

மறுநாள் ஒன்றும் பொரியவில்லை. அதற்கு மறுநாள் பேசில் ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தார். இறகு முளைத்து, அலகு மடங்கி, முழுக் குஞ்சு. செத்திருந்தது. "விளக்கு காத்துல தணிஞ்சிருக்கும். என் தப்பு" என்று பெரிய மனிதர் குழந்தை மாதிரி அழுதார். நான் துண்டை எடுத்து அவரிடம் கொடுத்தேன். பதினொன்றையும் பின்பக்கச் செம்பருத்திக்குக் கீழே புதைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

அன்று மத்தியானம் நொய்யரிசியை அள்ளிக்கொண்டு போய்ச் செம்பருத்தியடியில் தூவினேன். சங்கு ஊதியது. "பக்கூ... பக்கூ... வா." செடிக்குக் கீழே மண்ணுக்குள்ளிருந்து கீச்சுக் குரல்கள் எழுந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். பிள்ளைக்கு அவளுடைய கோழிகள் கிடைத்துவிட்டன என்று நினைத்தேன்.

குரல் கிட்டே வந்தது. முதலில் என் காலடியில், பிறகு சேலை மடிப்புக்குப் பக்கத்தில், பிறகு வயிற்றுக்கு நேரே.

"வா."

காலையிலிருந்து அசையாமல் கிடந்த குழந்தை உள்ளே திரும்பியது. உதைக்கவில்லை, துள்ளவில்லை. யாரோ உள்ளங்கையில் வைத்துத் திருப்புவது போல, மெதுவாக அரைச்சுற்று. குரல் மறுபடியும் கூப்பிட்டது. குழந்தை மறுபடியும் திரும்பியது.

என் மகள் கெட்டவளில்லை. தனியாக இருக்கிறாள், துணைக்குக் கூப்பிடுகிறாள். அவள் கூப்பிட்டபோது எவை வந்தன, வந்தவை எங்கே கிடக்கின்றன என்பதை நான் நின்ற இடத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாக்கடைக்குள் இறங்கி, முட்டி போட்டுச் சேற்றைத் துழாவினேன். மாரியாயி அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தங்கச்சி, வயித்துப்பிள்ளையோட அங்க என்னா தேடுற?"

நான் துழாவுவதை நிறுத்தவில்லை. குரல் காதோரத்திலேயே இருந்தது. குழந்தை உள்ளே மூன்றாம் தடவையாகத் திரும்பியபோது விரலில் ஆணி தட்டுப்பட்டது. எடுத்துச் சேற்றோடு வயிற்றில் அழுத்திக்கொண்டேன்.

"போம்மா சூசன்" என்றேன். "இத மட்டும் அம்மாவுக்கு விட்டுட்டுப் போம்மா."

குரல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தண்டவாளத்துக்கு அப்பாலிருந்து ஒரே ஒரு தடவை கேட்டது. அது கோழிகளைக் கூப்பிடும் குரல் அல்ல. "அம்மா" என்றது. நான் வயிற்றிலிருந்து ஆணியை எடுக்கவில்லை.

இப்போது ஆணி என் இடுப்பில், சேலை முந்தியில் முடிந்து கிடக்கிறது. குழந்தை நன்றாக உதைக்கிறது. தினமும் மத்தியானம் செம்பருத்தியடியில் நொய்யரிசி தூவிவிட்டு வருகிறேன். மறுநாள் போய்ப் பார்த்தால் போட்டது போட்டபடியே கிடக்கிறது.