எழுநூறு எழுத்துக்குள் ஒரு பாடகி

கலை மன்றத்தின் நிதி உதவிக்கான விண்ணப்பத் தளம் மூடுவதற்கு இன்னும் இருபத்தேழு மணி நேரம் இருந்தது. நாளை மாலை ஆறு மணி. கலை மன்றத்தில் ஆறு என்றால் ஆறுதான். ஒரு நிமிடம் தாண்டினால் அந்தப் பக்கமே திறக்காது. சியோலில் இருக்கிற பாதி இசைக்குழுக்கள் ஜனவரியில் இந்த ஒரு நாளுக்காகக் குளிக்காமல் உட்கார்ந்திருக்கும்.

நாங்கள் மூன்று பேர். மங்வோன் சந்தைக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் நிலத்தடி அறையில் பயிற்சி செய்கிறோம். குழுவின் பெயர் 'மூன்றாம் மாடி'. வைத்தவர் தூஷிக் அண்ணன். டிரம்ஸ் வாசிப்பவர், நாற்பத்தொரு வயது, மற்ற நேரத்தில் பார்சல் வண்டி ஓட்டுகிறார். நான் இன்யோங். பேஸ் கிட்டார். வாரத்தில் நான்கு நாள் ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. படிவம், அட்டவணை என்று எது வந்தாலும் என் தலையில்தான் விழும். அதனால் மன்றத்தின் தளத்தில் குழுவின் பிரதிநிதி நான். கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

மூன்றாவது ஆள் போரம். இருபத்து நான்கு வயது. பாடகி.

அவள் வருவதற்கு முன் ஆறு வருடம் குழுவின் பாட்டுகளை எழுதியது நான். அவள் வந்த நான்காவது வாரம், "அக்கா, இது பாட்டா இல்லையான்னே தெரியல," என்று சொல்லி ஒன்றை வாசித்துக் காட்டினாள். கிட்டாரில் அவளுக்கு ஐந்து பிடிகள்தான் தெரியும். பாதியில் தூஷிக் அண்ணன் குச்சிகளை மடியில் வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். ஆறு வருடத்தில் என் பாட்டு எதற்கும் அவர் குச்சியைக் கீழே வைத்ததில்லை.

போன வருடம் நிதிக்கு விண்ணப்பிக்கும்போது மாதிரிக்கு இரண்டு பாட்டு அனுப்பச் சொன்னார்கள். இரண்டும் அவளுடையவை. எந்த இரண்டு என்று யாரும் பேசக்கூட இல்லை. படிவத்தில் 'முதன்மைப் படைப்பாளி' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவள் பெயரை நான் தட்டினேன். அதற்குக் கீழே, இந்தப் படைப்புக்கு ஏன் நிதி தர வேண்டும் என்று எழுநூறு எழுத்துக்குள் சொல்ல வேண்டும். இடைவெளியும் சேர்த்து எண்ணுவார்கள்.

ஐந்து நாள் மதிய உணவு நேரத்தில் அதை எழுதினேன். அவள் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எது நன்றாக இருக்கிறது, ஏன் நன்றாக இருக்கிறது என்று. 'இவர் சொல் முடிவதற்கு முன்பே மூச்சை நிறுத்திவிடுகிறார். மீதியைக் கேட்பவர் முடிக்க வேண்டியிருக்கிறது' என்று ஒரு வரி வந்தது. உண்மைதான். நான் எழுதியவற்றில் அதுவே நல்ல வரி. என் பாட்டு எதிலும் அப்படி ஒன்று இல்லை. அறுநூற்றுத் தொண்ணூற்றெட்டு எழுத்தில் முடிந்தது.

மன்றம் தேர்வானவர்களின் பட்டியலை மட்டுமே வெளியிடும். மற்றவர்களுக்குக் கடிதம் வராது, காரணமும் வராது. மார்ச்சில் பட்டியல் வந்தபோது போரம் அதைத் தொலைபேசியில் மேலிருந்து கீழே மூன்று முறை தள்ளினாள்.

"நம்ம பேரு இல்லக்கா."

"ஆமா, இல்ல," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் ஒரு பாட்டும் எழுதவில்லை. நான் எண்ணிக்கொண்டு இருந்தேன். பத்து மாதம்.

இந்த வருடமும் நிதி கிடைக்காவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவது என்று டிசம்பரில் பேசி முடித்திருந்தோம். நான் லேப்டாப்பைத் திறந்தேன். தூஷிக் அண்ணன் சந்தையிலிருந்து பாகு வைத்த ஹொத்தொக் அப்பம் மூன்று வாங்கி வந்து ஆம்ப்ளிஃபையர் மேல் வைத்தார்.

"தொட்டுட்டு கீபோர்டத் தொடாத. போன தடவ 'எண்டர்' ஒட்டிக்கிச்சு."

"இந்தத் தடவ என் பாட்டு வேணாம்க்கா," என்றாள் போரம். "உங்க பாட்டு ரெண்டையும் போடுங்க."

"ஏன்?"

"போன வருஷம் என் பாட்ட வச்சுத்தானே ஊத்திக்கிச்சு. அந்த நடுவருங்க காதுல எப்படி விழுந்துச்சோ."

"ஒண்ணும் விழுந்திருக்காது," என்றார் தூஷிக் அண்ணன். "முந்நூறு குழு. எட்டாவது பாட்டுலயே தூங்கியிருப்பாங்க."

"ஒம்பதாவது என்னோடதா இருந்திருக்கும்."

"தாலாட்டுன்னு ஒரு பிரிவு இருந்தா நீதான் முதல் பரிசு."

அவள் சிரித்தாள். பிறகு, ஹொத்தொக்கைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "செங்ஜுல எங்க அத்தை கண்ணாடிக் கடை வச்சிருக்காங்க. ஆள் வேணுமாம். மார்ச்லேர்ந்து வர்றேன்னு சொல்லிட்டேன்."

"காசு கெடச்சாலுமா?" என்று கேட்டார் தூஷிக் அண்ணன்.

"கெடச்சா ரெக்கார்டிங் முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்ண்ணா. அக்கா பாட்டுக்கு வாய் மட்டும் நான். பாட்டு எழுதுற ஆள் நான் இல்ல. அதான் தெரிஞ்சு போச்சே."

தூஷிக் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மாதிரியில் என் பாட்டு, கட்டத்தில் என் பெயர். இதற்கு நான் இரண்டு வருடம் காத்திருந்தேன். நானே கேட்காமல், அவளே எடுத்துத் தருகிறாள். மறுப்பது போல இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லவில்லை.

முதன்மைப் படைப்பாளி: இன்யோங். தட்டுவதற்கு இரண்டு வினாடி ஆனது.

எழுநூறு எழுத்துக்கு ஒன்றரை மணி நேரம் போனது. அவர்கள் வயர்களைச் சுற்றினார்கள், ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் தொட்டியைக் கொட்டிவிட்டு வந்தார்கள். நான் இருநூற்றுப் பன்னிரண்டில் நின்றேன். தூஷிக் அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"என்னம்மா இது, உங்க ஆபீஸ் சான்றிதழ் மாதிரி இருக்கு. 'கிருமி இல்லை. குடிக்கலாம்.'"

"அண்ணா, சும்மா இருங்க," என்றாள் போரம். "அக்கா, போன வருஷம் எழுதினது இருக்கா? அதப் பாத்தா வரும்."

நான் யோசிப்பதற்குள் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கோப்பைத் திறந்துவிட்டாள். அவள் அதை இதுவரை படித்ததில்லை. சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள். மூச்சைப் பற்றிய வரி வந்ததும் குரல் இறங்கியது. மீதியை மனதுக்குள் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள்.

"இத நீங்களா எழுதினீங்க?"

"ம்."

"என்னப் பத்தியா?"

"படிவத்துல கேட்டிருந்தாங்க."

"எனக்கே தெரியாதுக்கா, நான் இப்படிப் பாடறேன்னு." திரையில் அந்த வரியை விரலால் தொட்டாள். "இவ்ளோ எழுதியும் வேணாம்னுட்டாங்கன்னா, நான் எவ்ளோ மோசமாப் பாடியிருக்கணும்."

நான் அந்தக் கோப்பை மூடினேன். தூஷிக் அண்ணன் ஏற்கெனவே சுற்றி வைத்த வயர் ஒன்றை எடுத்து மறுபடி சுற்றினார்.

"மார்க் கேக்கலாமாம்," என்றாள் போரம். "பிரதிநிதி போன் பண்ணிக் கேட்டா சொல்வாங்களாம். என் ஃப்ரெண்டு குழுவுக்குச் சொன்னாங்க, அறுபத்தொண்ணு. கேளுங்களேன். ஆபீஸ் மூட இன்னும் நேரம் இருக்கு."

"இப்ப எதுக்கு அது? நாளைக்குள்ள இத முடிக்கணும்."

"எவ்ளோன்னு தெரிஞ்சா விட்ருவேன்க்கா. தெரியாமத்தான் ராத்திரி ராத்திரி அந்த ரெண்டு பாட்டையும் போட்டுப் போட்டுக் கேட்டுட்டு இருக்கேன். எந்த எடத்துல பிடிக்கலன்னு தேடி."

"கேட்டுச் சொல்லிரும்மா," என்றார் தூஷிக் அண்ணன். "நானும் தெரிஞ்சுக்கறேன். டிரம்ஸ் சரியில்லன்னு சொல்லிட்டாங்கன்னா அவளுக்குச் சந்தோஷமா இருக்கும்."

நிலத்தடியில் சிக்னல் கிடைக்காது. படியேறிப் பாதியில் நின்றேன். மேல்தளக் கடையின் முட்டைக்கோஸ் பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டேன். எண்ணை அழுத்தவில்லை. அந்த எண்ணில் எனக்குச் சொல்ல அவர்களிடம் எதுவும் இருக்காது.

கீழே கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. அவள் பாட ஆரம்பித்தாள். மாதிரிக்குப் பதிவு செய்யவேண்டிய என் பாட்டு. தூஷிக் அண்ணன் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது சரணத்தின் கடைசி வரி வந்தது. ஆறு வருடமாக அந்த வரி எனக்கு நீளமாகவே இருக்கிறது. சொற்களை மாற்றிப் பார்த்திருக்கிறேன், தாளத்தை இழுத்துப் பார்த்திருக்கிறேன். அவள் கடைசிச் சொல்லைப் பாடாமல் விட்டாள். அவ்வளவுதான். வரி சரியாக உட்கார்ந்தது.

தட்டும் சத்தம் நின்றது. அவர் குச்சிகளை மடியில் வைத்திருப்பார்.

"இது நல்லாருக்கே," என்றார் அவர்.

"அக்கா பாட்டுதானேண்ணா. நான் ஒண்ணும் பண்ணல."

அவள் பொய் சொல்லவில்லை. என்ன செய்தாள் என்று அவளுக்குத் தெரியாது. அதுதான் எனக்குத் தாங்க முடியாதது. தெரிந்து செய்திருந்தால் கற்றுக்கொண்டிருக்கலாம். முட்டைக்கோஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன்.

ஒரு எண் சொன்னால் போதும். ஐம்பத்தெட்டு. அவமானப்படுத்தாத எண், நம்பிக்கை தராத எண். அதை எடுத்துக்கொண்டு அவள் செங்ஜுவுக்குப் போய்விடுவாள். கண்ணாடிகளைத் துடைத்து அடுக்குவாள். இனி எந்த அறையிலும் யாரும் குச்சியைக் கீழே வைக்க மாட்டார்கள். ஐம்பத்தெட்டு என்று ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். இயல்பாகத்தான் இருந்தது.

ஏழு நிமிடம் கழித்து இறங்கினேன். போரம் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். பரிசோதனைக் கூடத்தில் அறிக்கை வாங்க வருகிறவர்கள் இப்படித்தான் நிற்பார்கள்.

"என்ன சொன்னாங்க?"

"போன் பண்ணல."

"எடுக்கலையா?"

"நான் பண்ணல."

"சரி விடுங்க, நாளைக்குக் காலைல பண்ணலாம்."

"நாளைக்குப் பண்ணாலும் மார்க் இருக்காது போரம். உன் பாட்ட யாரும் கேக்கல. அது அங்க போகவே இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. தூஷிக் அண்ணன்தான் முதலில் தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. எனக்காக ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார்.

"கடைசி நேரத்துல சைட் தொங்கிருச்சாம்மா? எல்லாருக்கும் ஆகுறதுதான். சொல்லியிருக்கலாமே."

அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. நான் வெளியே போயிருக்கலாம்.

"தொங்கலண்ணா," என்றேன். "அஞ்சே முக்காலுக்கு எல்லாம் நிரப்பி முடிச்சிட்டேன். 'சமர்ப்பி'ன்னு ஒரு பட்டன் மட்டும் மிச்சம். அதுக்கு மேல போரம் பேரு இருந்துச்சு. ஆறு மணி ஆகுற வரைக்கும் அதப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். வேணும்னேதான் அமுக்கல."